வி-கிராஸ் பின்தொட்டிக்குச் சுருள் மூடி: முதல் மழையிலேயே உள்ளே தண்ணீர்

அல்சூர் ஏரிக்கரை
ஞாயிறு, இரவு 9.20

வணக்கம். நில அளவை என் தொழில். பெங்களூரைச் சுற்றி தேவனஹள்ளி, ஹொஸ்கோட்டை, ஆனேக்கல் என்று வாரத்தில் ஐந்து நாள் வெளியில்தான். மூன்று ஆண்டுகளாக இசுஸு வி-கிராஸ் பிக்கப் ஓட்டுகிறேன். தூரமும் கோணமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி எப்போதும் கேபினுக்குள் வரும். முக்காலி, அளவுகோல், ப்ரிஸம் கம்பம், கடப்பாரை, பெயிண்ட் டப்பா எல்லாம் பின்தொட்டியில், தார்ப்பாய்க்கு அடியில்.

ஆறு மாதத்துக்கு முன் சில்க் போர்டு சிக்னலில் நின்றிருந்த சில நிமிடத்தில் யாரோ தார்ப்பாய்க் கயிற்றை அறுத்து ப்ரிஸம் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றே முடிவு செய்தேன். கடை ஷட்டரைப் போல அலுமினியப் பட்டைகள் சுருண்டு, கேபினுக்குப் பின்னால் உள்ள பெட்டிக்குள் போகும் மூடியை வாங்கினேன். கையால் இழுக்கும் வகை. ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் ஆனது. ஒரு கடையில் இரண்டு பையன்கள் மூன்று மணி நேரத்தில் பொருத்திக் கொடுத்தார்கள்.

நேற்று மாலை ஹொஸ்கோட்டையிலிருந்து திரும்பும்போது கே.ஆர்.புரம் வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. இரவு முழுவதும் விடவில்லை. இன்று காலை மூடியைத் திறந்தால், தொட்டியின் முன்பக்கம் கேபினை ஒட்டி இரண்டு விரற்கடை தண்ணீர். அப்பா காலத்து மர அளவுகோல் ஒன்று வைத்திருந்தேன். அதன் அடிப்பக்கம் ஊறிப்போய், சிவப்பு எண் ஒன்று என் கட்டைவிரலோடு உரிந்து வந்தது. அதைப் பார்த்ததும் பேச்சே வரவில்லை.

கடைக்குத் தொலைபேசினேன். “எல்லா மூடியும் கொஞ்சம் ஒழுகும் சார், சுற்றிலும் சிலிக்கான் பசை வைத்து அடைத்துவிடலாம், கொண்டு வாருங்கள்” என்கிறார்கள். அடைக்கலாமா? கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடலாமா?


தங்கவயல்
ஞாயிறு, இரவு 9.48

தயவுசெய்து சிலிக்கான் வைக்க விடாதீர்கள் அண்ணா. நான் கோலாரில் வண்டி உதிரிபாகக் கடையில் எட்டு ஆண்டு வேலை பார்த்தவன். சிலிக்கான் வைத்தால் உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகும் வழியும் அடைபட்டுவிடும். பிறகு கழற்றும்போது பெயிண்ட்டும் சேர்ந்து உரியும். உருளைப் பெட்டியின் இரண்டு மூலைகளிலிருந்தும் வடிகுழாய் வந்திருக்க வேண்டும். அவை எங்கே போய் முடிகின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள்.


சர்ஜாப்பூர் சாலை
ஞாயிறு, இரவு 10.15

நண்பரே, பிடதியில் தயாரான டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வைத்திருக்கிறேன். 2022இல் அது இந்தியாவுக்கு வந்தவுடன் வாங்கியது. மூடி மோட்டார் வகை. என் அனுபவத்தில் பட்டைகளால் ஆன எந்த மூடியும் முழுக்க நீர் புகாமல் இருந்ததில்லை. பட்டைக்குப் பட்டை மூட்டு இருக்கிறது, ஒவ்வொரு மூட்டும் ஓர் இடுக்கு. நனையவே கூடாத பொருள் என்றால் ஒரே பலகையாக வரும் ஃபைபர் மூடிக்கு மாறுங்கள். கீல் வைத்து மேலே தூக்கித் திறப்பது. இதைத் திருப்பிக் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து.


பீன்யா லேத்
திங்கள், காலை 6.05

தம்பி, அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். சர்ஜாப்பூர் நண்பர் சொன்னதில் பாதி சரி. இந்த மூடி தண்ணீரே புகாத பெட்டி அல்ல. விழும் தண்ணீரைப் பிடித்து, வாய்க்கால் போல ஓட்டி, வண்டிக்கு அடியில் விட்டுவிடும் அமைப்பு. பட்டைகள் ஓடும் பக்கச் சட்டங்களின் காடிகளிலும் உருளைப் பெட்டிக்குள்ளும் தண்ணீர் வரத்தான் செய்யும். வந்த தண்ணீர் தொட்டிக்குள் விழாமல் வெளியே போகிறதா என்பதுதான் கேள்வி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூடியின் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மீட்டருக்கு 1.4 மீட்டர், அதாவது 2.1 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன் மேல் 105 லிட்டர் விழுகிறது. பாதி பக்கவாட்டில் வழிந்து ஓடினாலும் மீதி எங்கேயோ போக வேண்டும்.

எங்கே போகும்? உங்கள் வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பிக்கப் காலியாக இருக்கும்போது பின்பக்கம் சற்றுத் தூக்கி நிற்கும். பாரம் ஏற்றினால் அமுங்குவதற்காகப் பின்னால் லீஃப் ஸ்பிரிங்கை விறைப்பாக வைத்திருக்கிறார்கள். ஆகவே மூடி முன்பக்கம் சரிந்திருக்கிறது. தண்ணீர் முழுவதும் உருளைப் பெட்டியை நோக்கி ஓடும். அல்சூரில் சரிவான தெருவில் முகப்பு கீழ்நோக்கி நிறுத்துகிறீர்கள் என்றால் சொல்லவே வேண்டாம். உங்களுக்கு முன்பக்கம் தண்ணீர் நின்றது என்றவுடனேயே எனக்கு வடிகுழாய் மேல்தான் சந்தேகம்.

மூன்று சோதனை செய்யுங்கள்.

முதலில் மூடியை முழுக்கத் திறந்து, உருளைப் பெட்டியின் வடிகால் துளையில் ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக. என் வண்டியில் 12 மில்லிமீட்டர் குழாய், பத்துப் பன்னிரண்டு விநாடியில் கீழே தரையில் விழுந்துவிடும். ஒருவரைக் கீழே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் வெளியே வந்தே ஆக வேண்டும்.

அடுத்தது மூலைவிட்டம். இடப்பக்கச் சட்டத்தின் முன் நுனியிலிருந்து வலப்பக்கச் சட்டத்தின் பின் நுனிக்கு டேப் பிடியுங்கள். பிறகு மற்ற மூலைவிட்டம். இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சட்டம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. கோணலான சட்டத்தில் பட்டைகள் ஒரு பக்கம் ஏறி உட்காரும், ரப்பர் விளிம்பு ஒட்டாது.

மூன்றாவது, சட்டத்தைத் தொட்டி விளிம்போடு இறுக்கும் கிளாம்ப் எதைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். தொட்டிக்குள் பிளாஸ்டிக் லைனர், அதாவது உள்ளுறை, இருக்கிறதா? அது விளிம்பின் மேல் ஏறி மடங்கும் வகையா, விளிம்புக்குக் கீழே நின்றுவிடும் வகையா? மேலே ஏறும் வகை என்றால் கிளாம்ப் வரும் இடங்களில் லைனரை வெட்டி, கிளாம்ப் இரும்பையே கடிக்கும்படி செய்திருக்க வேண்டும். பிளாஸ்டிக்கின் மேல் இறுக்கினால் வெயிலில் அது நசுங்கி, ஒரே மாதத்தில் எல்லாம் தளர்ந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. உருளைப் பெட்டியின் பக்க மூடியை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். உள்ளே முறுக்கி வைத்த ஸ்பிரிங் இருக்கிறது. ஷட்டர் வேலை பார்க்கும் ஒருவருக்கு அப்படி ஒரு ஸ்பிரிங் விடுபட்டு மணிக்கட்டு உடைந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.


மல்லிகைப் பந்தல்
திங்கள், காலை 10.30

நான் கல்யாண மண்டபங்களுக்குப் பூ அலங்காரம் செய்கிறேன். விடியற்காலை நான்கு மணிக்கு கே.ஆர். மார்க்கெட்டில் பூ ஏற்றினால் ஒன்பது மணிக்குள் மண்டபத்தில் இருக்க வேண்டும். இந்த மூடி வாங்கலாமா என்று பல நாளாக யோசிக்கிறேன். எனக்கு இரண்டு கவலை. மூடியபடி வெயிலில் போனால் பூ வெந்துவிடாதா? வாசலில் கட்டுகிற வாழைமரம் தொட்டியை விட நீளம், அதை எப்படி ஏற்றுவது? மூடி போட்டவர்கள் யாராவது சொல்லுங்கள் அண்ணா.


சர்ஜாப்பூர் சாலை
திங்கள், பிற்பகல் 1.10

அம்மா, வாழைமரத்துக்கு மூடியை முழுக்கச் சுருட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து போட்டு ஏற்றலாம். ஆனால் சுருட்டினாலும் உருளைப் பெட்டி தொட்டிக்குள்தான் இருக்கும். என் அளவில் கேபின் பக்கம் ஒரு சாணுக்கு மேல் இடத்தை அது எடுத்துக்கொள்கிறது. உயரமான குத்துவிளக்கு, பித்தளைக் குடம் போன்றவற்றை அந்த ஓரத்தில் நிமிர்த்தி வைக்க முடியாது. வாங்குவதற்கு முன் உங்கள் மிக உயரமான பொருளை அளந்துகொள்ளுங்கள்.

பூவுக்கு: இந்த வகையில் பாதியிலும் முக்காலிலும் நிறுத்திப் பூட்டும் இடங்கள் உண்டு. ஒரு முழம் திறந்து வைத்தால் காற்று ஓடும். மடக்கு மூடிகளில் இந்த வசதி இவ்வளவு எளிதாக இல்லை.


மல்லிகைப் பந்தல்
திங்கள், பிற்பகல் 1.35

ஒரு சாண் போனால் எனக்குக் கஷ்டம்தான். எங்கள் ஆளுயர விளக்கை அந்த மூலையில்தான் சாய்த்துக் கட்டுவோம். நாளை அளந்து பார்க்கிறேன். மிக்க நன்றி.


அல்சூர் ஏரிக்கரை
திங்கள், இரவு 8.50

ஐயா, நீங்கள் சொன்ன மூன்றையும் செய்தேன். கை இன்னும் நடுங்குகிறது, கோபத்தில்.

இடப்பக்கம் ஒரு லிட்டர் ஊற்றினேன். இரண்டு நிமிடம் ஆகியும் பாதி நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால், வடிகுழாய் ஆடாமல் இருக்க ஒரு கேபிள் டை போட்டிருக்கிறார்கள். அதை இழுத்த இழுப்பில் குழாய் இடுப்பு ஒடிந்தது போலச் சப்பி, உள்ளே ஒரு தீக்குச்சி நுழையும் அளவே வழி. அந்தச் சின்ன வழியிலும் எங்கள் தெருப் புங்கமரத்தின் பூ, பொரி போலச் சுருங்கி அடைத்துக்கொண்டிருந்தது.

வலப்பக்கம் இதைவிட மோசம். ஊற்றிய ஒரு லிட்டரும் உடனே போய்விட்டது. ஆனால் கீழே படுத்திருந்த என் தம்பி “ஒரு சொட்டுக்கூட வரவில்லை” என்றான். லைனரைத் தூக்கிப் பார்த்தேன். குழாய் தொட்டியின் தரையைத் துளைத்து வெளியே போகவே இல்லை. லைனருக்கும் இரும்புக்கும் நடுவில் சும்மா விட்டிருக்கிறார்கள். மழைத் தண்ணீரைக் குழாய் போட்டு வண்டிக்குள்ளேயே கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள்.

மூலைவிட்டம்: 9 மில்லிமீட்டர் வித்தியாசம். லைனர் மேலே ஏறும் வகை, வெட்டவில்லை. எட்டு கிளாம்பில் மூன்றைக் கையாலேயே ஆட்ட முடிந்தது.


தங்கவயல்
திங்கள், இரவு 9.05

அண்ணா, கடைக்காரரிடம் படத்தோடு காட்டுங்கள். பொருத்தும் கூலியைத் திருப்பிக் கேட்பது உங்கள் உரிமை. மூடி நல்ல மூடிதான், குறை பொருத்தியதில். அதே பையன்களிடம் மறுபடி வேலையைக் கொடுக்காதீர்கள்.


ஒயிட்ஃபீல்டு பதினோராம் மாடி
திங்கள், இரவு 10.40

இடையில் கேட்பதற்கு மன்னியுங்கள். நானும் வி-கிராஸ் வாங்கப் போகிறேன். இந்த மூடியைப் போட்டால் போக்குவரத்துக் காவலர்கள் பிடிப்பார்களா? மாற்றம் செய்த வண்டி என்று அபராதம் உண்டா?


தங்கவயல்
செவ்வாய், காலை 7.30

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றிப் பேசுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. முன்னால் இரும்புக் கம்பி வேலி பொருத்துவதற்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியிருந்தது.

கிளாம்பில் பிடித்து, வேண்டும்போது கழற்றக்கூடிய மூடி வண்டியின் நீளத்தையோ அகலத்தையோ கூட்டுவதில்லை. என்னை இதுவரை யாரும் நிறுத்தியதில்லை. ஆனாலும் என் அனுபவத்தைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வண்டி விற்பவரிடமே துணைக்கருவியாக வாங்கி, பில்லில் எழுதி வாங்குங்கள். உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. காப்பீட்டிலும் மூடியின் மதிப்பைத் தனியாகச் சொல்லிச் சேருங்கள். சொல்லாமல் விட்டால் விபத்திலோ திருட்டிலோ அந்தப் பணம் கிடைப்பது கடினம்.


பீன்யா லேத்
செவ்வாய், மாலை 6.20

தம்பி, ஞாயிறு காலை ஏழு மணிக்கு என் பட்டறைக்கு வாருங்கள். வெயில் ஏறுவதற்கு முன் வேலையை ஆரம்பிக்க வேண்டும். காரணம் இருக்கிறது. 1.4 மீட்டர் அலுமினியம் 40 டிகிரி சூடேறினால் சுமார் 1.3 மில்லிமீட்டர் நீளும். தொட்டியின் இரும்பு அதே சூட்டில் ஏறத்தாழ பாதிதான் நீளும். காலைக் குளிரில் பட்டைகளைக் காடிக்குள் இறுக்கமாக வைத்துவிட்டால் மத்தியானம் மூடி இழுக்க வராது. பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டராவது தளர்வு விட்டுத்தான் இறுக்க வேண்டும்.

வரும்போது ஜே.சி. சாலையில் பின்கதவு விளிம்புக்கு ரப்பர் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மீட்டர் கணக்கில் தருவார்கள், கீழ் விளிம்பும் இரு பக்கமும் சேர்த்து மூன்று மீட்டர் போதும். நடுவில் குழல் போல உள்ளீடற்ற ரப்பராகப் பார்த்து வாங்குங்கள், அதுதான் அமுங்கும். 12 மில்லிமீட்டர் குழாய் இரண்டு மீட்டரும் வேண்டும். சுவர் தடித்ததாக, விரலால் அழுத்தினால் சப்பாததாக.


அல்சூர் ஏரிக்கரை
ஞாயிறு, இரவு 7.40

இன்று நடந்ததை விவரமாக எழுதுகிறேன். யாருக்காவது உதவும்.

ஏழு மணிக்குப் போனேன். ஐயா தேநீர் கொடுத்துவிட்டு முதல் அரை மணி நேரம் எதையும் தொடவில்லை. பென்சிலால் சட்டங்கள் இருந்த இடத்தைக் குறித்தார். மூடியோடு வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். கடைப் பையன்கள் அதன் உறையைக்கூடக் கிழிக்கவில்லை.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மூடியைத் தூக்கி இறக்கினோம். தராசில் வைத்தபோது 38 கிலோ. லைனரில் கிளாம்ப் வரும் எட்டு இடங்களிலும் சதுரமாகக் கோடு போட்டுக் கத்தியால் வெட்டினோம். வெட்டிய விளிம்பு இரும்பை உராயாமல் இருக்க மெல்லிய ஸ்பாஞ்சு ஒட்டினார்.

அடுத்தது வலப்பக்க வடிகுழாய்க்குத் துளை. எனக்கு மிகவும் பயமாக இருந்த இடம் இதுதான், நல்ல வண்டியில் துளை போடுவது. ஐயா முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, எரிபொருள் குழாய், மின்கம்பி, புகைக்குழாய் எதுவும் நேர்கீழே இல்லை என்று கையால் தடவிப் பார்த்தார். பிறகுதான் டிரில். துளைத்து முடித்ததும் அரத்தால் பிசிறை எடுத்து, துருத் தடுப்பு ப்ரைமர் ஒரு பூச்சு, காய்ந்த பின் பெயிண்ட் இரண்டு பூச்சு, அதன் மேல் ரப்பர் வளையம். கீழே சிதறிய இரும்புத் துகள்களைக் காந்தத்தால் ஒன்று விடாமல் பொறுக்கினார். “இது ஓர் இரவு பனியில் கிடந்தால் போதும், நாளைக்குத் தொட்டி முழுக்கச் செம்புள்ளி விழுந்திருக்கும்” என்றார்.

பிறகு உருளைப் பெட்டி. அதன் அடியில் கேபின் பக்கச் சுவரில் ஒட்டும் நுரைப்பட்டையை முன்பு இரண்டு துண்டாக ஒட்டியிருந்தார்கள், நடுவில் விரல் நுழையும் இடைவெளி. இப்போது ஒரே நீளமாக ஒட்டினோம். சட்டங்களைப் பெட்டியின் காதில் செருகி, எட்டுக் கிளாம்பையும் பாதி இறுக்கத்தில் நிறுத்தி மூலைவிட்டம் பிடித்தோம். முதல் தடவை 5, சற்றுத் தட்டி 3, மறுபடி தட்டி 1. அப்போதுதான் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு எடுத்தார். இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றி, கையேட்டில் போட்டிருந்த அளவுக்கு இறுக்கினார். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஒரு முறை மறுபடி இறுக்கச் சொல்லியிருக்கிறார்.

வடிகுழாய்களை எங்கும் வளைந்து தேங்காமல் ஒரே சரிவாக இறக்கி, கேபிள் டைக்குப் பதில் ரப்பர் பூசிய வளையத்தில் பிடித்தோம். கடைசியில் இரண்டு பக்கமும் ஒரு லிட்டர். இடம் 11 விநாடி, வலம் 12.

காடிகளில் கிரீஸ் போடலாமா என்று கேட்டேன். ஐயா வேண்டாம் என்றார். பெங்களூரில் மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளின் தூசு கிரீஸோடு சேர்ந்தால் உப்புத்தாள் போல ஆகிவிடுமாம். ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்துவிடும் சிலிக்கான் ஸ்பிரே மட்டும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை.

கூலி எவ்வளவு என்று கேட்டேன். “அளவுகோலைக் கொண்டு வா, எண்ணை நானே எழுதித் தருகிறேன்” என்றார். வேறொன்றும் வாங்கவில்லை.


சர்ஜாப்பூர் சாலை
ஞாயிறு, இரவு 9.15

படித்துவிட்டு உடனே கீழே போய் என் வண்டியின் வடிகுழாயைப் பார்த்தேன். ஒரு பக்கம் சரி. மறுபக்கம் வாயில் தூங்குமூஞ்சி மரத்தின் இலைத்தூள் அடை போல உட்கார்ந்திருந்தது. திருப்பிக் கொடுக்கச் சொன்னேனே, அது தவறான யோசனை. என் வண்டியில் ஒழுகியதற்கும் இதுதான் காரணமாக இருந்திருக்கும், இரண்டு ஆண்டுகளாக மூட்டுகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மோட்டார் வகை வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. மின்கம்பி பேட்டரியிலிருந்து வரும் இடத்திலேயே தனி ஃப்யூஸ் இருக்கிறதா பாருங்கள். விமான நிலையத்தில் மூன்று வாரம் வண்டியை விட்டுவிட்டுத் திரும்பியபோது பேட்டரி இறங்கிவிட்டது. பெட்டிகளை உள்ளே வைக்க மூடி திறக்கவில்லை. அவசரத்துக்குக் கையால் விடுவிக்கும் கம்பி எங்கே இருக்கிறது என்று அன்றுதான் தேடினேன். வாங்கும் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பின்கதவுக்குத் தனிப் பூட்டு இருக்கிறதா என்பதும் அதே அளவு முக்கியம். கதவு திறந்துகொண்டால் மூடி பூட்டியிருந்து பயனில்லை.


மல்லிகைப் பந்தல்
திங்கள், காலை 11.00

அளந்து பார்த்தேன். விளக்கு அந்த ஓரத்தில் நிற்காது, படுக்க வைத்தால் போகும். பழைய புடவையில் சுற்றிப் படுக்க வைக்க ஒரு மரத்தாங்கி செய்யச் சொல்லியிருக்கிறேன். கையால் இழுக்கும் வகையே வாங்கப் போகிறேன். பொருத்தும்போது பக்கத்தில் நின்று, குழாய் எங்கே போகிறது என்று நானே குனிந்து பார்ப்பேன்.


அல்சூர் ஏரிக்கரை
வியாழன், காலை 6.30

நேற்றிரவு பதினொரு மணியிலிருந்து அடித்து ஊற்றியது. வேண்டுமென்றே வண்டியை வழக்கமான இடத்தில், முகப்பு கீழ்நோக்கியே நிறுத்தினேன். ஒரு மணிக்கு ஜன்னலைத் திறந்து பார்த்தேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் வண்டிக்கு அடியில் இரண்டு பக்கமும் இரண்டு தாரைகள், மாட்டின் மடியில் கறப்பது போல, விடாமல் விழுந்துகொண்டிருந்தன.

இப்போது திறந்தேன். தொட்டியின் தரையில் முன்பக்கம் முழுக்கக் காய்ந்திருக்கிறது. பின்கதவை ஒட்டி ஒரு கை நீளத்துக்கு ஈரக் கோடு, துணியால் ஒரு முறை துடைத்ததும் போய்விட்டது. ரப்பர் பட்டை மூலையில் சரியாகச் சேரவில்லை போலிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன். அளவுகோலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்திருந்தேன். துணி காய்ந்தே இருக்கிறது.

ஐயா, இன்று மாலை பீன்யா பக்கம்தான் வேலை. கோலைக் கொண்டு வருகிறேன். உரிந்தது ஏழாம் எண்.